இறால் கோதுக்கு எடுத்த படம்

எங்கள் வீட்டில் இறால் வாங்கினால் சதை மற்றவர்களுக்கு, கோது எனக்கு. இதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. என் உயர்கல்வியே அந்தக் கோதில்தான் நடந்தது. வாவி இறாலின் கோதைக் கழுவிக் காயவைத்து, இடித்து, சிறிய உருக்குக் கலமொன்றில் தண்ணீரோடு அடைத்துச் சூட்டடுப்பில் நாள் முழுக்க அவித்தால் வெறும் தேநீர் நிறத்தில் ஒரு திரவம் கிடைக்கும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத காபன், அதாவது கரித் துணிக்கைகள் மிதக்கும். நனோ என்று பெயர் சூட்டப்படும் அளவுக்குச் சிறியவை. ஊதா நிறத்துக்கும் அப்பால் இருக்கிற, நமக்குத் தெரியாத ஒளியைக் கழியூதா என்பார்கள்; அந்த ஒளி பட்டால் திரவம் நீலமாக ஒளிரும். தண்ணீரில் இரும்பு கலந்திருந்தால் அந்த நீலம் மங்கும். ஆகவே வாவித் தண்ணீரைச் சோதிக்க வாவி இறாலின் கோதே போதும் என்பது என் ஆய்வின் முடிவு. முடிவை முதலிலேயே எழுதி வைத்துவிட்டோம். ஆதாரம் மட்டும்தான் பாக்கி.

என் கணவரின் தாயார், அதாவது மாமி, இதே ஆய்வைச் செங்கலடிச் சந்தையில் ஒரே வரியில் விளக்கிவிடுவார்.

"மருமகள் கம்பசில இறால் கோது அவிக்கிறா. ரெண்டாவது பட்டத்துக்கு."

கேட்டவர்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். முதல் பட்டத்துக்கு எதை அவித்தேன் என்று யாரும் கேட்டதில்லை.

குழந்தை பிறந்ததற்காகப் பல்கலைக்கழகம் எனக்குக் கொஞ்சம் மேலதிக காலம் தந்திருந்தது. குழந்தை பெற்றதும் பெண்ணுக்கு ஓய்வு நேரம் நிறையக் கிடைக்கும் என்று யாரோ அங்கே நம்பியிருக்க வேண்டும். அந்தக் காலமும் இந்தக் கதை நடந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கையளிக்காவிட்டால் என் பதிவு இரத்தாகும். இத்தனை வருடத்துக் கோதும் வெறும் கோதாகப் போய்விடும். ஏட்டில் அத்தியாயங்கள் இருந்தன, வரைபுகள் இருந்தன, நன்றியுரைகூட இருந்தது. ஒரேயொரு படம் இல்லை. துணிக்கைகள் உண்மையிலேயே இருக்கின்றன, இன்ன அளவில் இருக்கின்றன என்று காட்டும் படம்.

"அது ஒளிருதுதானே சேர், போதாதா?" என்று என் மேற்பார்வையாளரிடம் ஒருமுறை கேட்டேன்.

"ஒளிருறதெல்லாம் நனோ இல்ல பிள்ளை. சவர்க்காரத் தூளும் ஒளிரும்" என்றார் சேர். அவர் மனிதர்களை உற்சாகப்படுத்தும் விதம் அது.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சாதாரண நுணுக்குக்காட்டி ஒளியால் பார்க்கிறது. ஒளியின் அலை பெரியது. எங்கள் துணிக்கை மிகச் சிறியது. பெரிய கண் வலையைப் போட்டுக் கூனி இறால் பிடிக்கிற கதைதான். வலை நனைந்து வரும், கூனி வராது. கூனிக்குச் சின்னக் கண் வலை வேண்டும். இந்தத் துணிக்கைக்கு ஒளிக்குப் பதிலாக எலெக்ட்ரோன், அதாவது இலத்திரன் வேண்டும். இலத்திரன் நுணுக்குக்காட்டி எங்கள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கிடையாது. எங்களிடம் இருப்பது வெங்காயத் தோலைப் பார்க்கும் வகை. அந்தப் பெரிய இயந்திரத்தைப் பார்க்க நாட்டின் மறுகரைக்குப் போகவேண்டும். அதற்கு முன் பல மாதம் காத்திருக்கவேண்டும். காத்திருந்தோம். மாதக் கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு காலைப்பொழுது ஒதுக்கித் தந்தார்கள்.

நான் எதையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு நம்புகிற ஆள் இல்லை. குழந்தை மூச்சு விடுகிறதா என்று பார்ப்பேன். விடுகிறது என்று தெரிந்ததும் நான் பார்த்தது சரிதானா என்று பார்ப்பேன். இதே பழக்கத்தை அந்தத் திரவத்துக்கும் பழக்கியிருந்தேன். வடித்த திரவத்தை இரண்டு சிறிய கண்ணாடிப் போத்தல்களில் பிரித்து, ஒன்றைக் கம்பஸ் குளிர்சாதனப் பெட்டியில் விட்டுவிட்டு மற்றதைக் கொண்டுபோகச் சொன்னார் சேர்.

"எல்லாத்தையும் ஒரே ரயிலில ஏத்தாதிங்க" என்றார். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. என்னைவிட அதிகம் பயப்படுகிற ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு பயப்படுகிறார் என்பதில் ஓர் ஆறுதல்.

புறப்பட்ட காலை மாமி பொட்டுச் சிரட்டையோடு வந்தார். எங்கள் வீட்டில் குழந்தைக்குக் கடைப் பொட்டு வைப்பதில்லை. மாமி சவ்வரிசியைக் கரியாகும்வரை வறுத்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி வெயிலில் இறுக வைப்பார். ஈர விரலால் தேய்த்தால் கறுப்பு ஏறும். கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று. கண்ணூறு படாமல் இருக்க.

என் கணவர் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். வீட்டுக்குள்ளும் படிப்பிப்பார்.

"அம்மா, இந்தக் கண்ணூறு எத்தின நனோமீற்றர் வரும்? இவளிட்டச் சொன்னா மெசின்ல போட்டு அளந்துகொண்டு வருவாள்."

"உனக்குப் பத்து வயசு வரைக்கும் வச்சனான். அதாலதான் வாய் இவ்வளவு வளந்திருக்கு" என்றார் மாமி, குழந்தையின் காலைப் பிடித்தபடி.

"வாய்க்கு வைக்க மறந்திட்டிங்க போல" என்றேன் நான். கணவர் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார்; சிரித்தார். நான் போத்தல் இருந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூடினேன். முற்றம்வரை போய்த் திரும்பி வந்து மறுபடி திறந்தேன். குளிக்கப் போகும்போது அதை அவரிடம் பொறுப்புக் கொடுத்துவிட்டுப் போனேன். வீட்டில் விஞ்ஞான அறிவுள்ள ஒரே ஆண் அவர்தானே.

ரயிலில் அவர் குழந்தையை வைத்திருந்தார், நான் போத்தலை வைத்திருந்தேன். துவாயால் சுற்றி, நிமிர்ந்த நிலையில், சரியாமல். எதிரே இருந்த அம்மா நெடுநேரம் எங்களைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு மருந்தா மகள்?" என்று கேட்டார்.

"இல்லம்மா, இறால் கோதுக் கசாயம்" என்றார் என் கணவர். "இவவுக்குத்தான். குடிச்சா ரெண்டாவது பட்டம் கிடைக்கும்."

அந்த அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார். அதன்பிறகு தன் பிஸ்கற் பைக்கற்றைக் குழந்தைக்கு மட்டும் நீட்டினார்.

இயந்திரம் இருந்த அறை குளிராகவும் இருட்டாகவும் இருந்தது. இயக்குபவர் ஓர் இளம் சிங்களப் பெண். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய சிங்களமும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தன. மிளகு அகலம்கூட இல்லாத செப்பு வலையொன்றை இடுக்கியால் எடுத்து, என் போத்தலிலிருந்து ஒரு துளியை அதன்மேல் வைத்துக் காயவிட்டார். அது காயும்வரை நான் வெளியே வந்து பால் கொடுத்தேன். காய்ந்ததும் வலையை இயந்திரத்துக்குள் விட்டார். உள்ளேயிருந்த காற்றையெல்லாம் அது உறிஞ்சி வெளியேற்றியது. காற்று இருந்தால் இலத்திரன் வழியிலேயே முட்டி நின்றுவிடுமாம். எங்கள் வீதியில் மாடு நிற்கிற மாதிரி.

திரை வெளித்தது. சாம்பல் நிறம். அதற்குள் இன்னும் சற்றுக் கடும் சாம்பல் நிறத்தில் சில கறைகள். அங்கொன்று, இங்கொன்று. ஒன்றின் ஓரம் எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க நல்ல மனம் வேண்டும். அத்தனை வருடம் நான் கழுவிக் காயவைத்து இடித்ததெல்லாம் நனைந்த சுவரின் பூஞ்சணம் போல அங்கே இருந்தது. அவர் சில படங்களைச் சேமித்துவிட்டு என்னைப் பார்த்தார். வைத்தியசாலையில் தாதிமார் அப்படிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன்.

துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கலாம், குலுக்கிப் பார்ப்போம் என்றார். அங்கே ஒரு தொட்டி இருந்தது. நம் காதுக்குக் கேட்காத ஒலியால் அதிலுள்ள தண்ணீர் நடுங்கும். அந்த நடுக்கத்தில் போத்தலுக்குள் இருப்பதெல்லாம் பிரியும். போத்தலை அதில் விட்டார். அது நிற்காமல் சரிந்து மிதந்தது. நான் நிமிர்த்தப் போனேன். பரவாயில்லை என்று கையைக் காட்டினார். அதே நேரம் கதவுக்கு வெளியே என் மகள் அழத் தொடங்கினாள். தொட்டி நடுங்கியது, குழந்தை கத்தியது, என் சட்டை பாலில் நனைந்தது. விஞ்ஞான வரலாற்றில் இப்படியொரு கட்டத்தை யாரும் படமாக வரைந்து மாட்டியதில்லை.

இரண்டாவது வலையில் எல்லாம் மாறியிருந்தது. திரை முழுக்க உருண்டை உருண்டையான கறுப்புத் துணிக்கைகள், ஓரம் தெளிவாக, மணி கோத்த மாதிரி. இயக்குபவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "லஸ்ஸனாய்" என்றார், அழகு என்று. நான் சரிதானா என்று இரண்டு முறை கேட்டேன். வெளியே வந்து கணவரிடம் சொன்னபோது அவர் ஏதோ பெரிய பாரம் இறங்கிய மாதிரிக் குழந்தையைத் தூக்கிப் பிடித்தார். என்மேல் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்தேன். அந்த நெகிழ்ச்சியைத் திரும்பப் பெற இன்றுவரை வழியில்லை.

ஊர் திரும்பியதும் சேர் இரண்டாவது படத்தைக் கணினியில் பெரிதாக்கி, எழும்பி, தூர நின்று பார்த்தார். மாப்பிள்ளையின் படத்தை அப்படித்தான் பார்ப்பார்கள்.

"இது ஆய்வேட்டுக்கு மட்டும் போற படம் இல்ல. வெளிநாட்டுச் சஞ்சிகைக்கே அனுப்பலாம்" என்றார். அதுவரை 'உங்கட வேல' என்றிருந்தது அந்தக் கணத்திலிருந்து 'எங்கட வேல' ஆனது. முதலாவது படத்தைப் பற்றிக் கேட்டேன். "அது சும்மா, அழுக்கு. விடுங்க." படம் எடுத்த அதே போத்தலின் ஒளிர்வையும் ஒருமுறை அளந்து சேர்த்துவிட்டால் முடிந்தது என்றார். வெறும் சம்பிரதாயம்.

சம்பிரதாயங்களை நான் ஒழுங்காகச் செய்கிறவள். போய்வந்த போத்தலையும் கம்பஸிலேயே இருந்த போத்தலையும் இருட்டுப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழியூதா விளக்கைப் போட்டேன். இருந்தது நீலமாக ஒளிர்ந்தது. போய்வந்தது பச்சையாக ஒளிர்ந்தது.

விளக்கை அணைத்தேன். போட்டேன். இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். பச்சை இடம் மாறியது, நிறம் மாறவில்லை. இப்படியான வேளைகளில் என் மனம் மிகவும் ஒழுங்காக வேலைசெய்யும்: எல்லாக் குற்றத்தையும் என் பெயரில் பதியும். ரயில் ஜன்னலால் வெயில் பட்டதா? துவாயில் சவர்க்காரம் இருந்ததா? பால் தெறித்ததா? ஒரு துளி தாய்ப்பாலின் ஒளிர்வை அளந்துகூடப் பார்த்தேன் என்பதை இங்கே எழுதுகிறேன், ஆய்வேட்டில் எழுதவில்லை. கடைசியில் போத்தலின் மூடியைக் கழற்றிப் புரட்டினேன். மூடிக்குள் ஒரு வெள்ளைத் தகடு இருக்கும், கசியாமல் இருப்பதற்கு. அதன் ஒரு ஓரம் எழும்பியிருந்தது. இடுக்கியால் நெம்பினேன். தகட்டுக்குப் பின்னால் கறுப்பாக, பாதி கரைந்த ஒரு வட்டம்.

விரலால் தொட்டேன். ஒவ்வொரு பின்னேரமும் குழந்தையைக் குளிப்பாட்டும்போது என் விரலில் ஏறுகிற அதே கறுப்பு.

நான் கொண்டுபோனது இறால் கோது. படத்தில் மணி கோத்த மாதிரி இருந்தது சவ்வரிசி.

வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் மாமியிடம் எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்தேன். மரியாதை குறையாமல், குரல் உயராமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல். மாமி முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தார், கோதை எனக்காகப் புறம்பாக ஒதுக்கியபடி. ஒத்திகை பார்த்த வசனங்கள் எல்லாம் போய்விட்டன. மூடியை அப்படியே நீட்டினேன்.

"மாமி, இதுக்குள்ள பொட்டு வச்சநீங்களா?"

அவர் கையைக் கழுவி, மூடியை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். கோபிக்கவில்லை. தொழில் தெரிந்தவர் பிழையான வேலையொன்றைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நான் வச்சா மூடிக்குள்ளயா புள்ள வைப்பன்? பாக்கிறவன்ட கண் முதல்ல பொட்டுல விழோணும். அதுக்குத்தானே பொட்டு. ஒளிச்சு வச்சா என்ன பலன்? இது ஆரோ வெக்கப்பட்ட ஆள் செஞ்ச வேல."

வீட்டில் அப்போது இன்னும் ஒரே ஒரு பெரிய ஆள்தான் இருந்தார். அவர் குழந்தையின் துணி மாற்றிக்கொண்டிருந்தார். நனையாத துணியை.

"என்னங்க" என்றேன்.

"தகட்டுக்குப் பின்னாலதான் வச்சன்" என்றார் அவர், துணியைப் பார்த்தபடி. "தண்ணி அங்க போகாது. நான் யோசிச்சுத்தான் செஞ்சன்."

"நீங்களா?"

"நீ திரும்பித் திரும்பி வந்து அந்தப் பெட்டியத் திறந்து பாத்தாய். உன்ட முகத்தப் பாக்க எனக்கும் பயம் வந்திட்டு. குளிக்கப் போனாய். சிரட்ட மேசையில இருந்திச்சு." துணியை இன்னொரு தடவை மடித்தார். "வேற என்ன செய்ய? இதுக்கு வழி பாடத்திலயா படிப்பிக்கிறாங்க?"

மாமி மறுபடி இறாலுக்குத் திரும்பினார். "கண்ணூறு எத்தின நனோமீற்றர் எண்டு கேட்ட ஆள்" என்றார், யாரிடமும் இல்லாமல், இறாலிடம்.

அன்று பின்னேரம் முழுக்க என் கணவர் தன் விஞ்ஞானத்தைக் கொண்டு தன்னைக் காப்பாற்றப் பார்த்தார். பொட்டும் கருக்கிய காபன்தான், என் துணிக்கையும் காபன்தான். ஒன்று மரத்தில் இருந்து, மற்றது வாவியில் இருந்து, அவ்வளவுதானே வித்தியாசம் என்றார். வித்தியாசம் என் ஆய்வேட்டின் தலைப்பில் இருக்கிறது என்றேன். பிறகு நான் குழந்தையோடு படுத்தபடி எனக்கு நானே அதையே சொல்லிப் பார்த்தேன். அந்தப் படத்தை வைத்தால் மாதக் கடைசிக்குள் கையளிக்கலாம். யாரும் மூடியைக் கேட்கப் போவதில்லை. பிறகு யாரோ ஒருவர் எங்கோ ஓர் ஊரில் என் கட்டுரையைப் படித்துவிட்டு இறால் கோதை அவிப்பார். மணி மணியாக ஒன்றும் வராது. தன்மேல் பிழை என்று நினைத்து மறுபடி அவிப்பார். அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். அது என்னைப் போல ஒருத்தியாகத்தான் இருக்கும்.

காலையில் சேரிடம் போய் மூடியை மேசையில் வைத்துக் கதையைச் சொன்னேன். அவர் மூடியைக் கையில் எடுத்துப் புரட்டினார்.

"நீங்க இத ஏன் பிள்ளை திறந்தநீங்க?" என்றார்.

அது கேள்வி இல்லை. 'எங்கட வேல' மறுபடி 'உங்கட வேல' ஆனது. இரண்டாவது படம் போய்விட்டது. இன்னொரு தடவை இயந்திரம் கிடைக்கும்வரை என் பதிவு காத்திராது. மிச்சம் இருந்தது சேர் அழுக்கு என்று ஒதுக்கிய முதலாவது படம் மட்டும். அது தொட்டியில் குலுக்குவதற்கு முன் எடுத்தது.

"சரி, அதுக்குள்ளயும் பொட்டு வரேல்ல எண்டு எப்பிடிச் சொல்லுவீங்க? ரயில்ல முழுநாளும் குலுங்கித்தானே போனது?"

இதற்குத்தான் நான் பதில் வைத்திருந்தேன். ஒரு மனிதர் காலையிலிருந்து வெளியே மோட்டார் சைக்கிளில் காத்திருந்தார்.

அதே மாதிரிப் போத்தல். உள்ளே வடித்த சுத்தமான தண்ணீர் மட்டும். அதே மாதிரி மூடி, அதே சிரட்டை. தகட்டுக்குப் பின்னால் அதே விரல், எங்கள் எல்லோர் முன்னிலையிலும், முதல் தடவை வைத்த அளவுக்கே பொட்டு வைத்தது. போத்தலைத் துவாயால் சுற்றி அதே சாப்பாட்டுப் பெட்டியில் நிமிர்த்தி வைத்து, கரையோரத்து மாங்கேணி வரைக்கும் போய்வரச் சொன்னேன். வாகரைக்குப் போகும் பெரிய வீதி வழுக்கென்று இருக்கும், அது உதவாது. கிரவல் என்கிற சரளைக்கல் பாதை கண்ட இடமெல்லாம் இறங்கி ஓடும்படி சொன்னேன். ரயில் அந்தக் குலுக்கலுக்குக் கிட்டவும் வராது. தண்டனை என்று நான் சொல்லவில்லை. பரிசோதனை என்றுதான் சொன்னேன்.

வெயில் சாயமுன் திரும்பி வந்தார். தலையில் புழுதி, இடுப்பில் கை. ஒரு கையில் சாப்பாட்டுப் பெட்டி, மறு கையில் ஒரு பை.

"கரையில மலிவாக் கிடந்திச்சு" என்றார். இறால்.

போத்தலை இருட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கழியூதா விளக்கைப் போட்டேன். ஒன்றும் தெரியவில்லை. நீலம் இல்லை, பச்சை இல்லை. போத்தல் இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. விளக்குத்தான் எரியவில்லையோ? என் கணவர் என்னவென்று எட்டிப் பார்க்க, அவருடைய வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டி பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தது.

"சவர்க்காரத் தூள்" என்றார் சேர், பின்னாலிருந்து. "விளக்கு வேல செய்யுது. தொட்டியில போடுங்க."

எங்கள் கம்பஸ் தொட்டி சின்னது, சத்தம் பெரியது. போத்தல் அங்கேயும் சரிந்து மிதந்தது, நான் நிமிர்த்தவில்லை. எடுத்துத் துடைத்து மறுபடி விளக்கின் கீழ் வைத்தேன். வெறும் தண்ணீர் பச்சையாக ஒளிர்ந்தது, அழகாக, கண் கூசாமல். மாமியின் சவ்வரிசி. மாங்கேணிக் கிரவல் செய்யாததைத் தொட்டி செய்திருந்தது. அப்படியென்றால் முதலாவது படத்தில் இருந்த பூஞ்சணம் முழுவதும் என்னுடையது. வாழ்க்கையில் ஒரு அழுக்கை நான் அவ்வளவு சந்தோசமாகச் சொந்தம் கொண்டாடியதில்லை.

சேர் அந்தப் போத்தலையும் ரயிலில் போய்வந்த போத்தலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "சரி, முதல் படத்தையே போடுங்க. கண்ணாடி போட்டுப் பாத்தா அளவு எடுக்கலாம்" என்றார்.

அளவு எடுத்தேன். ஒவ்வொரு கறையையும் பெரிதாக்கி, ஓரம் பிடித்து, சந்தேகப்பட்டு, மறுபடி எடுத்தேன். ஏட்டில் மாமியின் பொட்டைப் பற்றி உள்ளது உள்ளபடி ஒரு பந்தி எழுதியிருந்தேன். சேர் அதை வெட்டி, மூடியின் வழியாக வெளிக் காபன் கலந்ததால், 'தவிர்க்க முடியாத காரணத்தால்' இரண்டாவது படம் சேர்க்கப்படவில்லை என்று மாற்றினார். தன்னை ஒரு பல்கலைக்கழகம் தவிர்க்க முடியாத காரணம் என்று எழுத்தில் ஏற்றுக்கொண்டதில் என் கணவருக்கு இன்றும் பெருமை.

மாதம் முடியுமுன் கையளித்தேன். அலுவலகத்தில் இருந்தவர் ஏட்டைத் திறக்காமலே முத்திரை குத்தி, மற்ற ஏடுகளின் மேல் வைத்தார். பதிவு தப்பியது. வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய், அது இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

வீட்டில் மாமி படத்தைக் காட்டச் சொன்னார். இத்தனை பாடுபட்டு எடுத்த படத்தை வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லையே என்றார். பிரதியைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குழந்தையை மடியில் சாய்த்தபடி, சாம்பல் நிறத்துக்குள் இருந்த அந்தச் சாம்பல் நிறத்தைப் பொறுமையாகப் பார்த்தார்.

"இதுதானா?"

"ஓம் மாமி."

"நல்லம்" என்றார். ஏட்டை மூடி என்னிடம் தந்துவிட்டு மகனைத் திரும்பிப் பார்த்தார். "இதுக்கு ஆர்ட கண்ணூறும் படாது. நீ பொட்டோட கிட்டப் போகாத."